தனித்தட்டு

கொளஞ்சிநாதனுக்குக் காது மட்டும் சாமி கொடுத்த வரம் என்று கம்பெனியில் பேச்சு. மற்றபடி வரம் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒன்றும் கிடையாது. மூக்குமேல் கோபம், அந்தக் கோபம் தணிந்த பிறகு மன்னிப்புக் கேட்கத் தெரியாத வாய். இரண்டையும் வைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை ஓட்டிவிட்டான்.

விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகத் தட்டுமேசையில் நிற்கிறான். சூளையிலிருந்து வெந்து இறங்கிய கட்டைகள் ஆறியதும் பலகை பலகையாக அவன் முன்னால் வரும். கைக்கு ஒன்றாக எடுத்து ஒன்றோடொன்று லேசாக மோதுவான். கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. சொத்தென்று கேட்டால் உள்ளுக்குள் எங்கேயோ கீறல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கீறல் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது, கொளஞ்சியின் காதுக்குத் தெரியும். ஒரு கட்டைக்கு ஒரு நொடி. அதற்குமேல் யோசித்தால் பலகைகள் வரிசையாகத் தேங்கிவிடும். அதனால் அவன் யோசிப்பதே இல்லை. காது கேட்கும், கை தள்ளும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. உடைசல், கழிவு, ரிஜெக்ட் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சூளைக்கு எதிரில் நின்று கெட்ட வார்த்தை சொன்னால் அடுத்த வேக்காடும் கெட்டுப்போகும் என்பது முதலாளியின் அப்பா காலத்து நம்பிக்கை. ஆகவே நல்ல சரக்குக்கு ‘முதல்’ என்று பெயர். கீறல் விழுந்ததற்குத் ‘தனி’. தனித்தட்டு நிறைந்தால் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள். இந்தப் பேச்சு கம்பெனி கேட்டைத் தாண்டி வீட்டுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் கொளஞ்சி அதைத் தனி என்பான். தேர்தலில் நிற்பவர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகத் தனி என்பான். மைத்துனனைக்கூட ஒருமுறை அப்படிச் சொல்லப்போக, மூன்று நாள் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் மனைவி கயல்விழி மழலைப் பள்ளி ஒன்றில் டீச்சர். பள்ளியில் ஒரு பழைய கீபோர்டு கிடந்தது. காலை வழிபாட்டுக்கும் ஆண்டுவிழாவுக்கும் அவள்தான் அதை வாசிப்பாள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை, தானாகத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செல்போனிலேயே இசை கோக்கும் செயலி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ‘சில்லுக்கோடு’ என்ற குழுவில் சேர்ந்தாள்.

அந்தக் குழுவில் இருநூறு பேர் இருப்பார்கள். பகலில் பேங்கில் எழுதுகிறவர், நர்ஸ், லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவர் என்று எல்லாம் நம்மைப்போல ஆட்கள்தான். ஓய்ந்த நேரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வார்கள். ஒருவர் கதை யோசிப்பார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் இசை போடுவார். விற்பதற்கு இல்லை, ஆசைக்குச் செய்வது. வருஷத்துக்கு ஒருமுறை, தை முடிவதற்குள் வந்து சேர்கிற அந்த வருஷத்து இசைகளை எல்லாம் பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு ஐந்து பேர் கேட்பார்கள். அதில் ஒன்றை எடுப்பார்கள். கோப்பை, சான்றிதழ் ஒன்றும் கிடையாது. எடுத்த அந்த இசை குழுவின் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒலிக்கும். யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அதுதான் காதில் விழும். அவ்வளவுதான் பரிசு. அதற்காக மனிதர்கள் ஏழு மாதம், எட்டு மாதம் உயிரை விடுவார்கள்.

கயல்விழியும் இரண்டு வருஷம் அனுப்பினாள். இரண்டு வருஷமும் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதி ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாவது வருஷம் அவளுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது.

கொளஞ்சிக்கு இதெல்லாம் ஒரு வேடிக்கை. “எங்க வூட்ல ராத்திரி பகலா டொய்ங் டொய்ங்தான்” என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. போன ஆடியில் அவனுடைய மாமா குடும்பம் மங்கலம்பேட்டையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. கயல்விழி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. வெயிலில் கால்மணி நேரம் நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷிப்டு முடிந்து வந்த கொளஞ்சி கொல்லைக் கதவு வழியாக உள்ளே போய், அவள் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி, கையில் சுற்றி, எல்லார் கண்ணெதிரிலும் இரண்டாக அறுத்துப் போட்டான்.

அவன் செய்தது தப்பு. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தால் போதுமா, வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. அவள் புது ஹெட்செட் வாங்கிக்கொண்டாள். அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மாட்டிக்கொள்ளப் பழகிக்கொண்டாள். குழுவில் அவளுக்குக் கூட்டாளி இளமதி, சேத்தியாத்தோப்பில் இ-சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிற பெண். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள் என்று கொளஞ்சி போனைப் பிடுங்கி, “சோத்து நேரத்துல என்னா போனு?” என்று கேட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசுவதானால் மதியத்தில்தான் பேசுவாள்.

ஐப்பசியில் கயல்விழி அவனிடம் ஒன்று கேட்டாள்.

“என்னாங்க, கம்பெனியில இருந்து தனிக் கட்டை கொஞ்சம் எடுத்தாந்து தருவீங்களா?”

“தனியா? அத வெச்சி என்னா பண்ணுவ? வேணும்னா முதல்லயே ரெண்டு கேட்டு வாங்கியாரேன்.”

“இல்லீங்க, எனக்குத் தனிதான் வேணும்.”

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுவந்து போட்டான். பொண்டாட்டி ஓட்டைக் கட்டை கேட்கிறாள் என்று கம்பெனியில் இரண்டு நாள் சிரிப்பாக ஓடியது. அவள் அந்தக் கட்டைகளைப் பூசை அலமாரிக்குக் கீழே அடுக்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிவு செய்தாள். மகள் காவியா போனைப் பிடித்துக்கொள்வாள்.

தை கடைசி நாள் காலையில் கயல்விழிக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் சூட்டுவலி என்று வெந்தயம் விழுங்கினாள். பதினொரு மணிக்குச் சுருண்டு விழுந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். மூன்று மணிக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கொளஞ்சியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாட்ட இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணுங்க.”

“எது? அந்தக் குழுவுக்கா? இப்ப அதுவா முக்கியம்?”

“முக்கியங்க. முடிச்சி வெச்சிட்டேன், அனுப்பறதுதான் பாக்கி. போன் உங்ககிட்டதான இருக்குது? இளமதி லிங்க் அனுப்பியிருக்கா. எது அனுப்பணும்னு பாத்தாலே தெரியும், பேரு போட்டு வெச்சிருக்கேன்.” வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. “மறந்துடாதீங்க.”

“அனுப்பறேன் புள்ள. நீ தைரியமா போ.”

கதவு மூடியது. கொளஞ்சி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் அவனிடம் ஒன்றை ஒப்படைத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. இளமதியைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் முகத்தில் அடித்தாற்போலப் பேசி வைத்த பெண்ணிடம் என்னவென்று ஆரம்பிப்பது? அதோடு ஒரு ஆசையும் இருந்தது. அவள் கண் விழிக்கும்போது, நானே செய்து முடித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆடி மாதத்துக் கணக்கை அப்படியாவது நேர் செய்ய வேண்டும்.

நாலு மணிக்குப் போனைத் திறந்தான். இளமதியின் செய்தி இருந்தது. லிங்க்கைத் தொட்டான். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றுவிட்டது. போனில் இடமில்லை, எதையாவது அழிக்கவும் என்று வந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தான், மறுபடியும் அதே பல்லவி. மணி நாலரை.

இசை இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தான். உள்ளே இரண்டே இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘முதல்’. இன்னொன்றின் பெயர் ‘தனி’.

பார்த்தாலே தெரியும் என்று சொன்னாளே, தெரிந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக யார் பெயர் வைக்க முடியும்? கொளஞ்சிக்குச் சிரிப்புக்கூட வந்தது. நம் வீட்டுப் பேச்சு இவளுக்கும் ஒட்டிக்கொண்டதே என்று ஒரு சந்தோஷம்.

இருந்தாலும் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அவன் பொறுப்பில்லாதவன் அல்ல. ‘முதல்’ ஃபோல்டரில் இருந்ததைத் திறந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டான். கீபோர்டு சத்தம் கணீர் கணீரென்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. ஒரு பிசிறு இல்லை. இதை நம் வீட்டில் இருக்கிறவளா செய்தாள்? கண்ணில் நீர் கட்டியது. இத்தனை நாள் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

பிறகு ‘தனி’யைத் திறந்தான். அதுதான் இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. முழுநீளப் பாட்டு ஒன்றும், துண்டு துண்டாக இருநூறு பதிவுகளும். அந்தப் பாட்டை ஒலிக்க விட்டான். சொத். சற்றுப் பொறுத்து, சொத், சொத். நடுவில் ஈரமாக ஏதோ ஒரு இழுப்பு. மறுபடியும் சொத். அது எந்தச் சத்தம் என்று அவனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அவனே பையில் கட்டிக்கொண்டு வந்த கட்டைகள். ஒன்பது நொடி கேட்டான். தட்டுமேசையில் ஒரு நொடி, இங்கே எட்டு நொடி கூடுதலாகவே கொடுத்தான். கை தள்ளிவிட்டது.

நிச்சயமாக அழிக்கலாமா என்று போன் கேட்டது. ஆம் என்றான். குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும், இப்போதே காலி செய்தால்தான் இடம் வரும் என்றது. காலி செய்தான். அதற்குப் பிறகு லிங்க் வெண்ணெயாக வேலை செய்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ‘முதல்’ போய்ச் சேர்ந்துவிட்டது, எண் பதினான்கு என்று பதில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், “எம் பொண்டாட்டி மியூசிக்கு போடுவாங்க” என்று சொன்னான். பதினோரு வருஷத்தில் அதுவும் முதல் தடவை.

அவள் கண் விழித்ததும் கேட்டது அதுதான்.

“அனுப்புனீங்களா?”

“அனுப்பிட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடியே அனுப்பிட்டேன். பதினாலாம் நம்பரு.”

அவள் அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவர்கள் கல்யாணத்தில் நல்ல நாட்கள் என்று சொன்னால் மிகையில்லை. அவன் இட்லி வாங்கிவந்து பிட்டுக் கொடுத்தான். அவள் தலையைப் பின்னிவிட்டான், பின்னல் கோணலாக வந்ததைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். காவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கயல்விழிக்கு மருந்து மயக்கம் இருந்ததால் போனைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருந்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“இளமதி ஒரு வெளயாட்டு செய்யறாங்க. ஊருக்குள்ள வெள்ளம் வந்து வடிஞ்ச மறுநாளு. ஒரு பொம்பள வூடு வூடாப் போயி, யாரு இருக்கா, யாரு இல்லன்னு பேரு சொல்லிக் கூப்புட்டுப் பாக்கறா. அதுக்குக் கீபோர்டு போட்டேன், அழகா இருந்துச்சி, ஆனா ஒட்டவே இல்ல. செத்த வூட்டுல சலங்க கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சி. அதெல்லாம் மொதல் தடவ போட்டது, ‘முதல்’னு தள்ளி வெச்சிட்டேன். அப்பறந்தான் உங்க கட்ட ஞாபகம் வந்துச்சி. கீறல் வுட்டதுக்குள்ள ஒரு சத்தம் இருக்குதுங்க, நல்லதுல அது இல்ல. வாய் இருந்தும் வார்த்த வராத மாதிரி.”

கொளஞ்சி டம்ளரைக் கீழே வைத்தான்.

“எங்க குழுவுல எடுக்கற ஒண்ணுக்கு என்னா பேரு தெரியுமா? போன பொங்கலுக்கே சொன்னேனே உங்ககிட்ட, சாப்புட்டுட்டு இருந்தீங்க. ‘தனி’ன்னு சொல்லுவாங்க. மத்ததுல இருந்து தனியா எடுத்து வெக்கறது. இந்த வருசம் தனி யாருன்னுதான் எல்லாரும் கேப்பாங்க.” அவள் சிரித்தாள், தையல் இழுத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “உங்க தனியும் எங்க தனியும் ஒண்ணாயிடுச்சி பாருங்க. அதான் அதுக்கு அந்தப் பேரயே வெச்சேன்.”

போன பொங்கலுக்குச் சொன்னாள்தான். அவன் மட்டன் குழம்பு ஊற்றிக்கொண்டு, போனில் கபடி பார்த்துக்கொண்டு, ‘ம்’ என்று சொன்னது அவனுக்கே நினைவுக்கு வந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே, புள்ள நான் தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், ஒருவேளை நம்பியும் இருப்பாள். மனுஷன் என்ன செய்தான்? டம்ளரைக் கழுவிவருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற குருமூர்த்தியிடம் ஓடினான். குருமூர்த்தி போனைக் கம்ப்யூட்டரில் சொருகி ஒரு மணி நேரம் பார்த்தான்.

“அழிச்ச ஒடனே ஆஃப் பண்ணி எடுத்தாந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்ணா. அதுக்கப்பறம் வீடியோ கீடியோ எடுத்தீங்களா?”

எடுத்திருந்தான். காலியான இடம் தாராளமாக இருந்தது. கயல்விழி முதல் தடவை எழுந்து நாலடி நடந்ததை, காவியா அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்ததை, கோணல் பின்னலை, எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தான்.

“அதெல்லாம் அது மேலயே போயி ஒக்காந்துருக்கும்ணா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

அதற்கடுத்த நாட்களில் அவள் போனைக் கேட்டபோது சார்ஜ் இல்லை என்றான். சார்ஜர் வீட்டில் இருக்கிறது என்றான். சார்ஜர் வந்த பிறகு, டாக்டர் போன் பார்க்கக் கூடாது என்று சொன்னார் என்றான். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு நப்பாசை அவனுக்கு. ‘முதல்’தான் எவ்வளவு சுத்தமாக இருந்தது, அதையே அவர்கள் எடுத்துவிட்டால்? எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பழமலைநாதருக்கு வேண்டிக்கொண்டான். ஐந்து பேர் காதும் தன் காது மாதிரியே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வேண்டுதலின் அர்த்தம். பாவம், அது அவனுக்கு விளங்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் இளமதி பஸ் பிடித்து வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வாசலில் நின்ற கொளஞ்சியைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களாண்ணா?” என்று பயந்துகொண்டே கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

“முடிவு வந்துடுச்சாடி?” கயல்விழி எழுந்து உட்கார்ந்தாள்.

இளமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நேத்து வந்துச்சிக்கா. பொள்ளாச்சிக்காரரு ஒருத்தரோடத தனியா எடுத்துருக்காங்க. புளியம்பழ ஓட்ட நொறுக்கி நொறுக்கி அதுலயே முழுசும் போட்டிருக்காரு.”

“பரவால்ல வுடு. நம்மளுத என்னா சொல்லியிருக்காங்க?”

இளமதி தன் போனை எடுத்தாள். படிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. “பதினாலுக்கு, ‘சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கேட்டதுபோல இருக்கிறது’ன்னு எழுதியிருக்காங்க. மத்தவங்களும் அப்பிடித்தான். ஏங்க்கா அத அனுப்புன? எனக்குப் போன்ல இருவது செகண்டு கேக்க வெச்சியே, ஒடஞ்ச கட்ட சத்தம், எனக்கு அன்னிக்கித் தூக்கமே வரல. அது என்னாச்சி?”

“அததான்டி அனுப்புனேன்.”

“இல்லக்கா. போனது கீபோர்டு பாட்டு.”

கயல்விழி கொளஞ்சி பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். “போனக் குடுங்க.”

அவன் கொடுக்கவில்லை. கொடுத்து என்ன ஆகப்போகிறது? “அது இல்ல புள்ள,” என்றான். “எடம் பத்தலன்னு காட்டுச்சி. அழிச்சிட்டேன்.”

“எத?”

“தனிய.”

“தனியவா? துண்டெல்லாமுமா?”

“எல்லாமும்தான். தெரியாம பண்ணிட்டேன் கயலு. சத்தியமா தெரியாது.”

இளமதி வாயைப் பொத்திக்கொண்டாள். கயல்விழி அவன் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

“அழிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களா?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. பசியோடு இருக்கிறவர்கள் அடுப்பங்கரைப் பக்கம் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. நாலு மாதம் தட்டித் தட்டிச் சேர்த்தது போய்விட்டது. முடித்த பாட்டை அவளைத் தவிரக் கேட்டவர் யாராவது இருந்தால் அது இவன் ஒருத்தன்தான். இதுகூட அவளுக்கு இல்லாமல் போகக்கூடாது என்று கொளஞ்சிக்குத் தோன்றியது. அவன் வாழ்நாளில் அவளிடம் அவ்வளவு இரக்கப்பட்டதில்லை. அந்த இரக்கத்தில்தான் சொன்னான்.

“கேட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான் கேட்டேன்.”

“எப்பிடி இருந்துச்சி?”

“நல்லா இருந்துச்சி புள்ள. ரொம்ப நல்லா இருந்துச்சி. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சி.”

கயல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது, அதை இளமதியும் பார்த்தாள், கொளஞ்சியும் பார்த்தான். ஆமாம், மலர்ந்தது. பிறகு ஒவ்வொரு இடமாக அது வற்றியது. கண்ணைத் திறந்தபோது அவள் அவனைப் பார்க்கிற விதமே மாறிவிட்டிருந்தது.

“நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சிதான் அழிச்சீங்களா?”

அப்போதுதான் கொளஞ்சிக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. “இல்ல கயலு, இல்ல. ஒம்போது செகண்டுதான் கேட்டேன். சொத்து சொத்துன்னு கேட்டுச்சி, கீறல்னு நெனச்சேன். எங்க கம்பெனி தனின்னு நெனச்சி தள்ளிட்டேன். நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் நல்லா இருந்துச்சின்னு சொன்னேன்.”

அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் பொய்க்குப் பிறகு வந்த உண்மையை யார் எடுத்துக்கொள்வார்கள்? அவனுக்கே அது சொல்லும்போது சாக்குப் போலத்தான் கேட்டது.

“அப்ப கண்ணுல தண்ணி வந்தது?”

“அது அந்த இன்னொரு பாட்டுக்கு...”

அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். “வேணாங்க. போதும்.”

சாப்பாட்டு வண்டி வந்தது. யாரும் வாங்கவில்லை, வண்டி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. கயல்விழி அவனுக்கு முகம் தெரியாதபடி ஒருக்களித்துப் படுத்தாள்.

“இளமதி, நாளைக்கு டிஸ்சார்ஜி. நீ வந்து கூட்டிக்கிட்டுப் போறியா?”

“அக்கா...”

“உங்க வூட்ல நாங்க கொஞ்ச நாளு இருந்துக்கறோம். காவியா ஸ்கூலுக்கு அங்கேருந்து பஸ்ஸுல போயிக்குவா.”

இளமதி கொளஞ்சியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். சொல்வதற்கு அவனிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது, அதையும் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தான்.

“காலையில மொத பஸ்ஸுக்கே வந்துடறேங்க்கா,” என்றாள் இளமதி.